ஒன்பது ஆட்டமும் ஒரு அவுட்டும்

பயப்படத் தெரியாதவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம். முதல் வரியிலேயே இப்படி எழுதினால், ரிசார்ட்டுகளில் விளையாட்டு நடத்தப் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகள் மிரண்டுவிடுவார்கள் என்று என் மனைவி சொன்னாள். மிரளட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஏற்காட்டுக்கு வந்தவர்களை விளையாட வைத்தே இருபத்தாறு வருஷம் சோறு தின்றவன் நான். வேலையை விட்டு ஆறு மாதமாகிறது. இப்போது குடியிருப்பது அடிவாரத்தில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேனர் கட்டிய கம்பெனி பஸ் ஒன்று பாட்டுச் சத்தத்தோடு மலையேறுவதைப் பார்த்தால், கையில் இருக்கிற டீயைக் கீழே வைத்துவிடுகிறேன். அந்த பஸ்ஸில் இருக்கிற யாரோ ஒருவர் நாளைக்கு உங்கள் விசிலை நம்பி ஓடப் போகிறார்.

வலை கட்டுவது, கோடு போடுவது, பாயிண்ட் எண்ணுவது எல்லாம் பத்து நாளில் கைக்கு வந்துவிடும். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. எந்தக் கூட்டத்துக்கு எந்த மாதிரி ஆட்டம் வைப்பது என்று முடிவு செய்கிறோமே, ஃபார்மட் என்று சொல்கிறோமே, அதுதான் நம் வேலை. அதில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். ஒரு மனுஷனுடைய உயிர் அதில் ஊசலாடியது.

எங்கள் ரிசார்ட் கொட்டச்சேடு போகிற வழியில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. பழைய ஷட்டில் தரையில் புதுக் கோடு போட்டு ஒரே ஒரு பிக்கிள்பால் கோர்ட் ஆக்கினார்கள். சமையல்கட்டில் அதற்கு ஊறுகாய் ஆட்டம் என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். கையடக்கமான மட்டை, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து, இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர், பதினொரு பாயிண்ட், ஜெயிக்க இரண்டு பாயிண்டாவது வித்தியாசம் வேண்டும். யார் வேண்டுமானாலும் கால் மணியில் கற்றுக்கொள்ளலாம். அதில் இருக்கிற ஆபத்தும் அதுதான். பத்து வருஷமாக மாடிப்படிகூட ஏறாத உடம்பும் 'நானும் வரேன்' என்று உள்ளே வந்துவிடும்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கக் கோயமுத்தூரிலிருந்து ஒரு பெண் வந்து இரண்டு வாரம் தங்கியிருந்தது. வயது இருபத்துநாலு இருக்கும். எனக்கு ஐம்பத்தேழு. என் மகளைவிடச் சின்னது எனக்கு என்ன சொல்லிக் கிழித்துவிடப் போகிறது என்று கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றவன் நான். அந்த வாரத்தில் ஓய்வு பெற்ற டீச்சரம்மாக்கள் பதினாறு பேர் வந்தார்கள். அந்தப் பெண்ணைக் கேட்காமல் நானே நாக்-அவுட் வைத்தேன். தோற்ற ஜோடி வெளியே, அவ்வளவுதான். பத்து மணிக்கு ஆரம்பித்து, பத்தேகாலுக்கே ஒரு ஜோடிக்கு வேலை முடிந்துபோனது. சாப்பாடு ஒரு மணிக்கு. அதுவரைக்கும் அவர்கள் என்ன செய்வார்கள் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

தோற்றவர்களில் மூன்று பேர் காப்பித் தோட்டத்துக்குள் காலாற நடக்கப் போய்விட்டார்கள். பதினொன்றரைக்கு மூடுபனி இறங்கியது. சாப்பாட்டுக்கு ஆள் எண்ணியபோதுதான் மூன்று குறைந்தது. போன் போட்டால் சிக்னல் இல்லை. நானும் அந்தப் பெண்ணும் தோட்டத்துக்குள் ஓடினோம். நான் பெயர் சொல்லிக் கத்த வாயைத் திறந்தபோது அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். எதிரே சவுக்கு மரத்தடியில் மூன்று டீச்சரம்மாக்களும் கைகோத்து நின்றிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால், இருபதடி தள்ளி, ஒரு காட்டெருமை. பனியில் அதன் மூச்சு புகையாக வந்துபோனது. நடுவில் நின்ற அம்மா 'முருகா, முருகா' என்று உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று எனக்குத் தெரியாது. பிறகு அது தலையைத் திருப்பிக்கொண்டு செடிகளை மிதித்தபடி பள்ளத்தில் இறங்கிப் போனது.

திரும்பி வரும்போது அந்தப் பெண் சொன்னது இது. "ஏனுங்க மாஸ்டர், ஆட்டம் வெக்கறதுன்னா யாரு ஜெயிப்பாங்கன்னு பாக்கறதில்லீங்க. அத அவங்களே பாத்துக்குவாங்க. யாரு எப்ப உக்காருவாங்க, எவ்வளவு நேரம் உக்காருவாங்கன்னு நாமதானுங்க பாக்கோணும்."

அன்றைக்கே எனக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்தாள். பதினாறு பேருக்குப் பதினாறு நம்பர். பத்து நிமிஷத்துக்கு ஒரு விசில். விசில் ஊதியதும் ஜெயித்தாலும் தோற்றாலும் நாலு பேரும் வெளியே, அடுத்த நாலு பேர் உள்ளே. ஜோடியும் மாறிக்கொண்டே இருக்கும். எல்லோரும் ஆடுவார்கள், எல்லோரும் உட்காருவார்கள், அடுத்த முறை வரப்போகிறது என்று யாரும் எழுந்து எங்கும் போகவும் மாட்டார்கள். திமிர் பிடித்தவனாக இருந்தாலும் அந்தத் தாளை லேமினேஷன் செய்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஒரு வருஷம் அதை வைத்தே நடத்தினேன். சின்னச் சிராய்ப்புகூட இல்லை.

அதற்கப்புறம்தான் திருப்பூர்ப் பக்கமிருந்து ஒரு பனியன் கம்பெனி வந்தது. முதலாளியோடு சேர்த்துப் பதினாறு பேர். முதலாளிக்கு ஐம்பத்தைந்து இருக்கும். கலகலவென்று பேசுகிறவர். அடிமட்டத்திலிருந்து மேலே வந்தவர், தையல் மெஷினில் உட்கார்ந்து ஆரம்பித்தவர். காலையில் நாலு பூரி சாப்பிட்டுவிட்டு மட்டையும் கையுமாக வந்து நின்றார். நான் தாளை எடுத்து நம்பர் கொடுக்க ஆரம்பித்தேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"அதென்னங்க மாஸ்டர், ஜெயிச்சவனும் வெளிய போகோணும், தோத்தவனும் வெளிய போகோணும்னா அப்புறம் எதுக்குங்க ஆட்டம்? ஜெயிச்சவன் நிக்கட்டும், தோத்தவன் போகட்டும். என்ற கம்பெனி அப்படித்தானுங்க வளந்துச்சு."

பதினைந்து பேரும் கை தட்டினார்கள். நான் தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஜெயித்தவர் நிற்கிற அந்த ஆட்டத்தில் தப்பில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். காலேஜ் பிள்ளைகளுக்கு அதைப்போல ஜோரான ஆட்டம் கிடையாது. தொடர்ந்து மூன்று ஆட்டம் ஜெயித்தவன் நாலாவதில் களைத்துத் தோற்பான், உட்காருவான். அந்தத் தோல்விதான் அவனுக்கு ஓய்வு. ஆனால் முதலாளியும் அவரிடம் சம்பளம் வாங்குகிறவர்களும் ஆடினால் முதலாளி எப்படித் தோற்பார்? இருபத்தைந்து வருஷமாகக் கம்பெனிக் கூட்டங்களைப் பார்த்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்துதான் விசில் ஊதினேன்.

முதல் ஆட்டம் ஜெயித்தார். இரண்டாவது ஜெயித்தார். எதிரே நின்றவர்கள் பந்தை வலையில் அடித்தார்கள், வானத்தில் அடித்தார்கள். அல்வாத் துண்டு மாதிரி அவர் மட்டைக்கே கொண்டுபோய் வைத்தார்கள். நன்றாக ஆடத் தெரிந்தவர்கள்தான் கேவலமாக ஆடினார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாலாவது ஆட்டத்தில் அவருக்கு ஜோடியாக நின்ற மேனேஜர் மூச்சு வாங்கி வெளியே போக, வேறொருவர் வந்தார். ஏழாவதில் அவரும் முடியாமல் போக, மூன்றாவதாக ஒருவர் வந்தார். ஜோடிகள் மாறினார்கள், அவர் மட்டும் மாறவில்லை. அந்த இடத்தில் எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எட்டாவது ஆட்டத்தில் மூடுபனி வந்தது. எல்லோரும் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்ட நேரத்தில் அவர் ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டார். நெற்றியில் வியர்வை. இரண்டு முறை ஏப்பம் விட்டு நெஞ்சைத் தேய்த்துக்கொண்டார்.

"கொஞ்சம் உக்காருங்களேன்" என்றேன்.

"பூரி கொஞ்சம் சாஸ்தியாயிடுச்சுங்க. வாயு. ஓடினா சரியாப்போயிரும்."

ஒருவர் சோடா வாங்க ஓடினார். வாயுதான் என்று நம்பத்தான் எனக்கும் ஆசையாக இருந்தது. பதினைந்து பேருக்கும் அப்படித்தான். அவரை உட்காருங்கள் என்று அழுத்திச் சொல்ல அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் வாய் கிடையாது. வாய் இருந்தவன் நான் ஒருவன்தான், கழுத்தில் விசிலையும் மாட்டியிருந்தேன்.

அதுவரை வரிசையில் சேராமல் ஓரத்தில் நின்றிருந்த சுகுணா என்ற பெண் ஒன்பதாவது ஆட்டத்தில் எதிரே வந்து நின்றது. பேக்கிங் செக்‌ஷனில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் ஷட்டில் ஆடிய கை. கம்பெனியில் எப்படித் தோற்க வேண்டும் என்று அதற்கு இன்னும் யாரும் சொல்லித்தரவில்லை. பந்தைப் பந்தாகவே அடித்தது. முதலாளி முகத்தில் சிரிப்பு போனது. அங்கும் இங்கும் ஓடினார், உதடு வெளுத்திருந்தது. பத்துக்கு ஒன்பது, சுகுணா சர்வீஸ். இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் ஆட்டம் அவளுக்கு. அவர் போய் உட்கார்ந்துவிடுவார்.

அவள் அடித்த பந்து பின்கோட்டுக்கு நாலு விரல் உள்ளே விழுந்தது. நான் நின்ற இடத்துக்கு நேராக, என் கண்ணெதிரே. கோர்ட்டில் ஒருவரும் பந்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். முதலாளியும் பார்த்தார். அடுத்த வருஷமும் இவர்கள் வர வேண்டுமே என்று நினைத்தேன். ஒரு நல்ல நாளைக் கெடுப்பானேன் என்று நினைத்தேன்.

"அவுட்" என்றேன்.

"உள்ளதானுங்க மாஸ்டர் விழுந்துச்சு" என்றாள் அந்தப் பெண், சத்தமில்லாமல்.

"அவுட்டுனு சொல்லிட்டேனே கண்ணு. ஆடு."

அவர் பன்னிரண்டுக்குப் பத்தில் ஜெயித்தார். கைதட்டல் அடங்குவதற்குள் பத்தாவது ஆட்டம் ஆரம்பித்தது. நாலுக்கு இரண்டு என்று நான் கூவியபோது அவர் ஷூ லேசைக் கட்டுகிற மாதிரி மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். அப்புறம் கையை ஊன்றினார். அப்புறம் சாய்ந்தார்.

முகம் சாம்பல் பூத்துவிட்டது. அந்தக் குளிரில் சட்டை முழுக்க நனைந்திருந்தது. ஒருவரும் கிட்டே போகவில்லை. முதலாளியைத் தொட்டுப் பழக்கமில்லாதவர்கள், சுற்றி நின்றார்கள். சுகுணாதான் ஓடி வந்து சட்டைப் பொத்தானைக் கழற்றினாள். நான் ரிசார்ட் ஜீப்பைக் கொண்டுவரச் சொல்லிக் கத்தினேன். என் குரல் எனக்கே வேறு யாருடைய குரலோ போலக் கேட்டது.

டவுன் ஆஸ்பத்திரிக்குச் சாதாரண நாளில் இருபது நிமிஷம். அன்றைக்கு ஜீப்பின் பானெட்டுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே மாட்டுவண்டி வேகத்தில் ஊர்ந்தான். பின்சீட்டில் அவர் தலை என் தோளில் சாய்ந்திருந்தது. என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தார். அந்தப் பிடி தளர்ந்துவிட்டால் என்ன செய்வேன் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை. என்றைக்கும் கும்பிடாதவன், வழியில் இருந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

"ஸ்கோர் என்னங்க?" என்றார் திடீரென்று.

"நாலுக்கு ரெண்டுங்க. நீங்கதான் முன்னால."

"ஒம்போது ஜெயிச்சாச்சு, இல்லீங்?"

"ஜெயிச்சாச்சுங்க. பேசாதீங்க."

டவுன் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், ஈசிஜி எடுத்தார்கள். ஹார்ட் அட்டாக், உடனே சேலத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். ஆம்புலன்சில் நானும் ஏறிக்கொண்டேன். மலையேறும்போது எல்லோரும் சந்தோஷமாக எண்ணிக்கொண்டு வருகிற அதே இருபது கொண்டை ஊசி வளைவு. நான் இறங்குமுகமாக எண்ணினேன். ஒவ்வொரு வளைவிலும் அவர் கண்ணை மூடினால் நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். முக்கால்வாசி வளைவு தாண்டியதும் பனி விலகியது. அடிவாரத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. கடைக்காரர்கள் நின்று டீ ஆற்றிக்கொண்டிருந்தார்கள். உலகம் இப்படி நடந்துகொண்டிருப்பதைப் பார்த்து எனக்குக் கோபம்கூட வந்தது.

சேலத்தில் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். திருப்பூரிலிருந்து அவர் மனைவி வந்து சேர்ந்தபோது நான் வராண்டாவில் நின்றிருந்தேன்.

"நீங்கதான் ஆட்டத்த நடத்துனவுங்களா?" என்றார்.

செத்தோம் என்று நினைத்துக்கொண்டு "ஆமாங்க" என்றேன்.

என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "என்ற தாலியக் காப்பாத்திக் குடுத்துட்டீங்க சாமி" என்றார். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் சட்டைப் பைக்குள் கைவிட்டபோது அந்த லேமினேஷன் தாள் தட்டுப்பட்டது. அதை வெளியே எடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

நிர்வாகம் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டியது. சமயோசிதமாக நடந்துகொண்டேனாம். யாரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. அந்த வருஷம் முழுக்க, யாராவது நெஞ்சைச் சொறிந்துகொண்டால்கூட ஆட்டத்தை நிறுத்திவிடுவேன். 'மாஸ்டருக்குப் பயம் புடிச்சுக்கிச்சு' என்று பையன்கள் கேலி செய்தார்கள். கேலி நியாயம்தான்.

அடுத்த வருஷம் அதே பனியன் கம்பெனி வந்தது. அதே பதினாறு பேர். பஸ்ஸிலிருந்து முதலில் இறங்கியவர் அவர்தான். இளைத்திருந்தார். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர் அளவா ஆடலாம்னுட்டாருங்க. போன தடவ மாதிரியே வைங்க மாஸ்டர். ஜெயிச்சவன் நிக்கட்டும். ஒம்போது தொடர்ந்து ஜெயிச்சவனுங்க நானு. ஆஸ்பத்திரில படுத்துட்டு அதையேதான் நெனச்சுட்டு இருந்தேன். பத்தாவதும் பாத்தர்லாம்."

அளவு என்றால் என்ன என்று டாக்டர் சொல்லியிருப்பார். ஆனால் தோற்காத மனுஷனுக்கு அளவு ஏது? முடியாது என்று மட்டும் சொன்னால் போதாது. நான் முடியாது என்றால் வேறு யாராவது, வேறு எங்கேயாவது விசில் ஊதுவார்கள். அந்த ஒன்பதை அவர் நம்புகிறவரைக்கும் அவர் நிற்கப் போவதில்லை. சாப்பாட்டு ஹாலில் அவர் தனியாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது எதிரே போய் உட்கார்ந்தேன். விருந்தாளியின் மேஜையில் அத்தனை வருஷத்தில் நான் உட்கார்ந்ததில்லை.

"நீங்க ஒம்போது ஜெயிக்கலீங்க" என்றேன்.

சிரித்தார். "ஏனுங்?"

"மொத எட்டையும் அவங்க விட்டுக் குடுத்தாங்க. ஒம்போதாவதுல நான் விட்டுக் குடுத்தேன். சுகுணா அடிச்ச பந்து உள்ளதானுங்க விழுந்துச்சு. நான்தான் பொய் சொன்னேன். உண்மையச் சொல்லியிருந்தா அப்பவே நீங்க உக்காந்திருப்பீங்க."

காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"இது யார் யாருக்குங்க தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியுமுங்க. உங்களுக்கு மட்டுந்தான் தெரியாது."

எழுந்து போய்விட்டார். என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அதைவிட, அவர் கோபத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் விழுந்துவிடுவாரோ என்று அவர் ரூம் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்குக் கோர்ட்டுக்கு வந்தார். மற்ற பதினைந்து பேரும் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அவர் என்னிடம் கையை நீட்டினார்.

"அந்தத் தாளக் குடுங்க."

கொடுத்தேன். தன் நம்பரைத் தேடிப் பார்த்தார். இரண்டாவது விசிலில் ஆட்டம், எதிரே சுகுணா. அப்புறம் அரை மணி உட்கார வேண்டும். தாளைத் திருப்பித் தந்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்து, "இன்னிக்கு எவனாச்சும் பந்த வலைல அடிச்சீங்க, நடக்கறதே வேற" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

சுகுணா விட்டுக்கொடுக்கவில்லை. விசில் ஊதும்போது ஒன்பதுக்கு மூன்று. கடைசிப் பந்தை அவள் அதே பின்கோட்டின் மேல் அடித்தாள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் பந்தைப் பார்த்தேன்.

"உள்ள" என்றேன்.

அவர் வந்து என் பக்கத்து பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பனி இறங்க ஆரம்பித்திருந்தது.

"மாஸ்டர், இது நெசமாவே தோத்ததுதானுங்களே?"

"நெசந்தானுங்க."

தலையாட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார், கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த நாலு பேர் உள்ளே போய் ஆட ஆரம்பித்தார்கள். பிள்ளைகளே, அந்த ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த அரை மணியும் நான் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய சட்டைப் பொத்தான் ஏறி இறங்குவதைத்தான்.